தேராது தெளிதல்: பொது நூலகமும் முதியோர் ஊடகக் கல்வியும்

முன்னுரை

2023 மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில், தமிழகத்தில் பணிபுரியும் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்னும் செய்தி கைப்பேசிகள் வழியே வட இந்தியாவெங்கும் பரவியது. சான்றாகக் காட்டப்பட்ட படக்காட்சிகளோ வேறு இடங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்த வன்முறைகளைச் சார்ந்தவை. தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அலுவலர் குழு ஒன்றைத் தமிழகத்திற்கு அனுப்பி உண்மை நிலையை அறிந்தது. எனினும் மறுப்பு சென்றடைவதற்கு முன்பே அச்சம் சென்றடைந்திருந்தது. திருப்பூரிலும் கோவையிலும் இருந்த தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர்.

அச்செய்தியை நம்பியவர்களைக் கல்லாதவர் என்று ஒதுக்கிவிட இயலாது. படித்தவரும் நம்பினர், பகிர்ந்தனர். எழுத்தறிதல் வேறு, எழுதப்பட்டதை மதிப்பிடுதல் வேறு என்பதை இந்நிகழ்வு வெளிப்படையாக உணர்த்தியது. இவ்விரண்டாம் திறனையே இன்றைய கல்வியாளர் ஊடக எழுத்தறிவு என்பர். பள்ளியை விட்டு நீங்கிய வயதுவந்தோர்க்கு இதனைக் கற்பிக்கத்தக்க இடம் எது என்னும் வினாவிற்குப் பொது நூலகம் என்பதே பெரும்பாலோர் தரும் விடை. அவ்விடை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை, நூலகவியல் கொள்கைகள், பன்னாட்டு அறிக்கைகள், பீகாரில் நிகழ்ந்த இரு கள ஆய்வுகள், மணிமேகலை கூறும் அளவைக் கருத்துகள் ஆகியவற்றைக் கொண்டு திறனாய்வு நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தறிவு என்னும் சொல்லின் எல்லை

எழுத்தறிவு என்னும் சொல் இந்தியச் சூழலில் இயக்கங்களோடு இணைந்து வளர்ந்த சொல்லாகும். 1978 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய முதியோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயதினரை முதன்மையாகக் கருதியது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. அதன் வழிவந்த முழு எழுத்தறிவுப் பணி தமிழகத்தில் அறிவொளி இயக்கம் என்னும் பெயர் பெற்றது. எழுத்தோடு அமையாது 'ஒளி' என்னும் சொல்லையும் சேர்த்துக் கொண்டமை, எழுத்தைக் கடந்த தெளிவு ஒன்று வேண்டும் என்னும் விழைவைக் காட்டுவதாகக் கொள்ளலாம். ஆயினும் கையொப்பமிடுதல், எளிய பாடங்களைப் படித்தல், அடிப்படைக் கணக்கு ஆகியவையே அளந்தறியத்தக்க இலக்குகளாக அமைந்தன.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, வயதுவந்தோர் கல்வியின் கூறுகளுள் ஒன்றாகிய வாழ்க்கைத் திறன்களுள் நிதி எழுத்தறிவு, எண்ணிம எழுத்தறிவு, உடல்நலம், குழந்தை வளர்ப்பு போன்றவற்றை எண்ணுகிறது. செய்தியின் உண்மையைத் தேரும் திறன் அவ்வரிசையில் தனியே எண்ணப்படவில்லை. எண்ணிம எழுத்தறிவு அதனையும் உள்ளடக்கும் எனக் கூறுவாருளர். இது முழுதும் ஏற்கத்தக்கதன்று. கருவியை இயக்கத் தெரிந்தவர் அக்கருவி தருவதை எடைபோடவும் தெரிந்தவராவார் என்பதற்கு உறுதி இல்லை. இயக்கும் திறன் மட்டும் மிகுமாயின் பொய்யைப் பகிரும் விரைவும் உடன் மிகும்.

கேரளத்தின் பட்டறிவு இவ்விடத்துக் கருதத்தக்கது. பி. என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கம் சிற்றூர்தோறும் படிப்பகங்களை உருவாக்கியது. அவ்வியக்கத்தினர் மக்களிடையே பரப்பிய முழக்கம் இரு பகுதிகளைக் கொண்டது. படித்து வளர்தல் ஒன்று. சிந்தித்துப் பகுத்தறிவு பெறுதல் மற்றொன்று. 1991இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது முழக்கத்தின் முற்பகுதி நிறைவேறியது எனலாம். 2025 ஆகஸ்டு 21ஆம் நாள் அம்மாநிலம் எண்ணிம எழுத்தறிவிலும் முழுமை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பிற்பகுதிக்கு அத்தகைய அறிவிப்பு நாள் ஏதும் இல்லை, இருத்தலும் இயலாது. எண்ணிக்கையால் அளக்கப்படுவது திட்டமாகிறது. அளக்கப்படாதது முழக்கமாகவே நின்றுவிடுகிறது என்பது இதனால் பெறப்படும்.

அரங்கநாதனின் விதிகளும் தேடிவரும் செய்தியும்

இந்திய நூலகவியலின் அடிப்படை நூலாகிய சீர்காழி இரா. அரங்கநாதனின் ஐந்து விதிகள் 1931இல் சென்னை நூலகச் சங்கத்தால் வெளியிடப்பெற்றன. நூல்கள் பயன்பாட்டிற்குரியன; ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் உண்டு; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு; வாசகரின் காலத்தைப் பேண வேண்டும்; நூலகம் வளரும் உயிரி என்பன அவ்விதிகளின் சாரம். பூட்டிய அலமாரிகளின் காலத்தில் நூலைத் திறந்து வைத்தலே பெரும் சீர்திருத்தமாக இருந்தது. நூல் அரிது, வாசகர் அதனைத் தேடுபவர், நூலகர் இவ்விருவரையும் இணைப்பவர் என்னும் எண்ணமே இவ்விதிகளின் அடித்தளம்.

இன்றைய நிலை இதற்கு மறுதலையானது. செய்தி அரிதன்று, தேடப்படுவதுமன்று, தானே வாசகரைத் தேடி வருகிறது. மூன்றாம் விதி நூலின் சார்பில் பேசிய விதியாகும். அலமாரியில் உறங்கும் நூலுக்கு வாசகரைத் தேடித்தர நூலகர் முயல வேண்டும் என்றது அது. இன்று அப்பணியைச் சமூக ஊடகங்களின் கணிப்பு முறைகள் மேற்கொள்கின்றன. ஒவ்வொரு பொய்க்கும் அதனை நம்பத்தக்க வாசகரை அவை தேடித் தருகின்றன. நான்காம் விதியோ ஊடகக் கல்வியோடு முரண்படுவதாகத் தோன்றும். வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டிய நூலகர், ஊடகக் கல்வியாளராகும்போது, சற்றே நின்று ஆராய்க என அவரைத் தாமதிக்கச் செய்கிறார். ஆராயாது பகிர்ந்த செய்தியால் விளையும் இழப்பையும் கணக்கிற் கொண்டால் இத்தாமதமும் காலம் பேணுதலே ஆகும் என அமைதி கூறலாம். எனினும் விதியின் சொற்களில் அவ்வமைதிக்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

இது அரங்கநாதனின் குறையன்று. நூலகத்தை வளரும் உயிரி எனக் கூறிய ஐந்தாம் விதி, பிற நான்கையும் காலத்திற்கேற்பப் பொருள்கொள்ள இசைவு தருகிறது. அவ்விசைவைப் பயன்படுத்தாது விதிகளை விழாக்களில் ஓதுவதோடு அமைந்த பிற்காலத்தார் நிலையே குறைகூறத்தக்கது.

அறிக்கைகளின் மொழி

யுனெஸ்கோ 1982இல் வெளியிட்ட குருன்வால்டு அறிக்கை ஊடகக் கல்வியின் இன்றியமையாமையை வற்புறுத்திய தொடக்ககால ஆவணங்களுள் ஒன்று. பொது நூலகம் குறித்த யுனெஸ்கோவின் அறிக்கை 1949இல் வெளிவந்து, 1972, 1994, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. இறுதி இரு வடிவங்களும் நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பாகிய இஃப்லாவுடன் இணைந்து உருவானவை. இவ்விரண்டையும் ஒப்பிடுதல் பயனுடையது. 1994ஆம் ஆண்டின் வடிவம் எழுத்தறிவுப் பணியை ஒரு கடமையாகவும், தகவல் மற்றும் கணினித் திறன்களை வேறொரு கடமையாகவும் பிரித்துக் கூறியது. 2022ஆம் ஆண்டின் வடிவம் எழுத்தறிவு, ஊடக எழுத்தறிவு, தகவல் எழுத்தறிவு, எண்ணிம எழுத்தறிவு ஆகியவற்றை ஒரே கடமையில் இணைத்து, எல்லா வயதினர்க்கும் உரியதாக்கி, மக்களாட்சியோடு தொடர்புபடுத்தியது. கணினி என்னும் கருவிப்பெயர் மறைந்து ஊடகம் என்னும் பொருட்பெயர் இடம்பெற்றமை கருத்து வளர்ச்சியைக் காட்டுகிறது.

ஆனால் கொள்கை அறிக்கையில் காணும் இவ்விரிவு நடைமுறைக் கருவிகளில் சுருங்கிவிடுகிறது. பொய்ச்செய்தியை இனங்காண இஃப்லா 2017இல் வெளியிட்ட விளக்கப்படம் எட்டுக் குறிப்புகளைக் கொண்டது. மூலத்தை நோக்குக, தலைப்பைக் கடந்து படிக்க, ஆசிரியர் யார் என ஆராய்க, சான்றுகளைச் சரிபார்க்க, நாளைக் காண்க, நகைச்சுவையோ எனச் சிந்திக்க, தன் சார்பை உணர்க, வல்லுநரைக் கேட்க என்பன அவை. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் நூலகச் சுவர்களில் ஒட்டப்பட்ட படம் இது. இதன் எளிமையே இதன் வலிமை, குறையும் அதுவே.

இவ்வெட்டுக் குறிப்புகளும் இணையதளக் கட்டுரையை முன்னிறுத்தி அமைந்தவை. தலைப்பு, ஆசிரியர் பெயர், நாள் ஆகியன உடைய பனுவல் இங்கு முன்முடிவாகக் கொள்ளப்படுகிறது. இந்தியச் சிற்றூரில் ஒருவர் கைப்பேசிக்கு உறவினர் அனுப்பும் குரற்பதிவிற்குத் தலைப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை, நாளும் இல்லை. அனுப்பியவர் மைத்துனர் என்பது ஒன்றே அதன் மூலச்சான்று. 2018இல் குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்திகளால் இந்தியாவின் பல மாநிலங்களில் அடித்துக் கொலைகள் நிகழ்ந்தன. தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வ வழிபாட்டிற்கு வந்த மூதாட்டி ஒருவர் அவ்வாண்டு மே மாதத்தில் இவ்வாறு கொல்லப்பட்டார். அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. அவ்வரம்பு விரைவைக் குறைத்ததேயன்றி நம்பிக்கையின் அடிப்படையைத் தொடவில்லை. ஊரார் அனைவரும் கூறும் செய்தியை ஆசிரியர் பெயர் கேட்டு ஐயுற எவரும் பழக்கப்படவில்லை என்பதே உண்மை.

வாய்பாட்டுக் கல்வியின் இன்னொரு குறையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் வெளிப்படுத்தினர். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் எனும் 45 பேரின் இணைய வாசிப்பை ஒப்பிட்ட அவர்கள், சரிபார்ப்பாளர் ஐயத்திற்குரிய பக்கத்தில் நெடுநேரம் தங்குவதில்லை எனக் கண்டனர். அப்பக்கத்தை விட்டு வெளியேறி, அதனைப் பற்றிப் பிறர் யாது கூறுகின்றனர் எனத் தேடுவதே அவர்தம் முறை. கற்றறிந்த வரலாற்றாசிரியரோ பக்கத்தின் உள்ளேயே நின்று ஆழ்ந்து படித்து ஏமாந்தனர். ஊன்றிப் படித்தலே அறிவு எனக் கருதும் தமிழ்த்துறையினர்க்கும் இம்முடிவு எச்சரிக்கையாகும். எதை ஊன்றிப் படிப்பது எனத் தேர்ந்த பின்னரே ஊன்றிப் படித்தல் பயன்தரும்.

பீகாரின் இரு ஆய்வுகள்

இந்தியக் களத்தில் ஊடகக் கல்வியின் பயனை அளந்தறிந்த ஆய்வுகள் சிலவே. அவற்றுள் குறிப்பிடத்தக்க இரண்டு பீகாரில் நிகழ்ந்தன. முதலாவது, சுமித்ரா பத்ரிநாதன் 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் 1,224 பேரிடம் நிகழ்த்தி 2021இல் வெளியிட்டது. வீடு தேடிச் சென்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் பொய்ச்செய்தியை இனங்காணும் முறைகள் கற்பிக்கப்பட்டன. பொதுவாக நோக்குமிடத்துக் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. கட்சிச் சார்புடையோருள் ஒரு பிரிவினரிடம், தம் சார்பிற்கு உகந்த பொய்யை இனங்காணும் திறன் முன்னினும் குறைந்தது. கற்பித்தல் சில வேளைகளில் எதிர்விளைவு தரும் என்னும் இம்முடிவு இத்துறையினர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாவது ஆய்வை அவரும் பிற ஆய்வாளர்களும் மாநில அரசு நிறுவனத்துடன் இணைந்து மேற்கொண்டனர். 583 சிற்றூர்களைச் சேர்ந்த 13,500க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் இடம்பெற்றனர். ஊரக நூலகங்களில் பல வாரங்கள் தொடர்ந்து வகுப்புகள் நடைபெற்றன. உடல்நலம் பற்றிய பொய்ச்செய்திகளே பாடப்பொருளாயின. மாணவர்களின் தேர்திறன் தெளிவாக உயர்ந்தது. நான்கு மாதங்களுக்குப் பின்னும் அது நிலைத்தது. கற்பிக்கப்படாத அரசியல் செய்திகளிலும் அத்திறன் வெளிப்பட்டது. பெற்றோரிடமும் அதன் பயன் சென்று சேர்ந்தது என்பது முதியோர் கல்வி நோக்கில் மிக இன்றியமையாத செய்தி.

இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்து, நூலகம் வென்றது, வீட்டுக் கல்வி தோற்றது என முடிவு கூறுவது எளிது. அம்முடிவு பொருந்தாது. இரண்டிற்கும் இடையே இடம் மட்டும் வேறுபடவில்லை. கற்போரின் வயது, கற்பித்த கால அளவு, பாடப்பொருள், கற்பித்தவர்க்கு இருந்த நிறுவனச் சார்பு, தேர்தல் சூழல் ஆகிய அனைத்தும் வேறுபட்டன. எனவே வெற்றிக்குக் காரணம் நூலகமா, தொடர்ச்சியா, இளமையா எனப் பிரித்துரைத்தல் இயலாது. வயதுவந்தோர்க்கு நூலகத்தில் தொடர்ந்து கற்பித்தால் யாது விளையும் என்பதற்கு இவ்விரு ஆய்வுகளும் நேர்விடை தரவில்லை. அவை உறுதியாக உணர்த்துவன இரண்டு. ஒரு மணி நேர முகாம் போதாது என்பது ஒன்று. அரசியலினின்று தொடங்காது, உடல்நலம் போன்று யாவர்க்கும் பொதுவான பொருளினின்று தொடங்கினால் கற்பவர் தற்காப்பு நிலைக்குச் செல்லாமல் கற்பர் என்பதற்கு இடமுண்டு என்பது மற்றொன்று.

நூலகத்தின் தகுதி இங்குத்தான் வெளிப்படுகிறது. முகாம் வந்து போவது. நூலகம் ஊரில் இருப்பது. அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்புகளில் கற்பித்தோர் பெரும்பாலும் உள்ளூர்த் தொண்டர்கள். அண்டை வீட்டுப் பெண் கற்பித்ததால் மூதாட்டிகள் கூச்சமின்றிக் கற்றனர். இயக்கத்தின் வேகம் ஓய்ந்தபின் கற்றது மறந்தோரும் உண்டு. தொடர்ச்சிக்கு நிலையான இடம் வேண்டும் என்பதை அவ்வரலாறும் உணர்த்துகிறது.

மணிமேகலை காட்டும் அளவைகள்

தேர்தலும் தெளிதலும் தமிழ் மரபிற்குப் புதியன அல்ல. திருக்குறளில் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கற்றலும் கேட்டலும் அறிவிற்கு வழியேயன்றி அறிவாகா என்னும் கருத்தை இவ்வைப்புமுறையிலிருந்து பெறலாம். இதனினும் விரிவான கருவியை மணிமேகலை தருகிறது.

சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைவாதி, அறிவைப் பெறும் வழிகளையும் அறிவு பிழைபடும் வழிகளையும் வகுத்துரைக்கிறான். அவன் கூறும் அளவைகளுள் ஐதிகம் ஒன்று. இம்மரத்தில் பேய் உண்டு என உலகத்தார் கூறுவதைக் கொண்டு தெளிதல் அதற்கு எடுத்துக்காட்டு. பிழைபட்ட அளவைகள் எட்டு. சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை. இப்பியை வெள்ளியெனக் கொள்வது திரியக் கோடல். தூணோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே தூணை மனிதனெனத் துணிவது தேராது தெளிதல்.

ஐயமும் தேராது தெளிதலும் தனித்தனியே எண்ணப்பட்டிருத்தல் நுட்பமானது. இரண்டும் பிழையே எனினும், ஐயம் ஆராய்ச்சிக்கு வழிவிடும். தேராது தெளிதல் அவ்வழியை அடைத்துவிடும். 2023இல் பரவிய படக்காட்சிகளைக் கண்டோர் கண்டது பொய்யான காட்சி அன்று. உண்மையில் எங்கோ நிகழ்ந்ததே. இடமும் காலமும் மாற்றப்பட்டதைத் தேராமல் தெளிந்தமையே பிழை. முயற்கொம்பு போல் இல்லாததைச் சொல்லளவில் உள்ளதாகக் கருதும் இல்வழக்கும் இதுவும் வேறு. பொய்ச்செய்தி என்னும் ஒற்றைச் சொல்லால் இவ்வேறுபாடுகளை மறைக்கும் இற்றைநாள் பயிற்சி நூல்களைவிட இவ்வகைப்பாடு தெளிவானது எனலாம்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மணிமேகலை ஊடகக் கல்வி நூல் அன்று. அளவைவாதியின் கூற்று சாத்தனாரின் முடிந்த கொள்கையும் அன்று. காப்பியத்தலைவி வஞ்சியில் பல சமயத்தார் கூற்றையும் கேட்கிறாள். அமைதியடையாமல் காஞ்சி சென்று அறவண அடிகளிடம் காட்சி, கருத்து என்னும் இரண்டளவைகளையே ஏற்கும் பௌத்த அளவையியலைக் கற்கிறாள். உலகவுரையாகிய ஐதிகத்திற்கு அங்குத் தனியிடம் இல்லை. எதிர்த்தரப்பார் அனைவரையும் முதலில் கேட்டுப் பின்னர் அளவுகோலைப் பெறும் இவ்வரிசையே ஊடகக் கல்விக்குக் காப்பியம் தரத்தக்க பாடமாகும். பல நாளிதழ்களை ஒரே மேசையில் இடும் பொது நூலகம் இவ்வரிசையின் முற்பகுதியை ஏற்கெனவே நிறைவேற்றி வருகிறது. ஒரே நிகழ்வை இரு நாளிதழ்கள் எவ்வாறு தலைப்பிட்டன, எதனை விட்டன என வாரம் ஒருமுறை உரக்கப் படித்து உரையாடச் செய்தால் பிற்பகுதியும் தொடங்கிவிடும். இதற்குக் கணினியும் தேவையில்லை. எழுத்தறியாதவரும் கேட்டுப் பங்கேற்க இயலும்.

நூலகரும் அரசும்

பொது நூலகம் பெரும்பாலும் அரசின் நிறுவனம். அரசியல்வாதியின் கூற்றையும் அரசின் விளம்பரத்தையும் ஐயுற்று ஆராயும் பயிற்சியை அரசு ஊழியராகிய நூலகர் அளிக்க இயலுமா என்பது எளிதில் கடந்து செல்லத்தக்க வினா அன்று. நடுவணரசின் செயற்பாடு பற்றிய இணையச் செய்திகளை அரசே அமைக்கும் குழு பொய்யென அறிவிக்க வழிசெய்த 2023ஆம் ஆண்டு விதித்திருத்தத்தை மும்பை உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாதென நீக்கியது. உண்மையை வரையறுக்கும் அதிகாரம் ஒருவரிடமே குவிதல் தகாது என்னும் அக்கறை நூலகத்திற்கும் பொருந்தும். இது மெய், இது பொய் என அறிவிக்கும் இடமாக நூலகம் அமைதல் கூடாது. எவ்வாறு அறிவது என்பதைப் பயிற்றும் இடமாக அமைதல் வேண்டும். முடிவைக் கற்பிப்பவர் எதிர்ப்பைச் சந்திப்பார். முறையைக் கற்பிப்பவர்க்கு அவ்வெதிர்ப்புக் குறையும். இதற்குப் பயிற்சியும் பணிப்பாதுகாப்பும் உடைய நூலகர் தேவை. பகுதிநேர ஊதியத்தில் நூலகத்தைத் திறந்து மூடுபவரிடம் இப்பணியையும் சுமத்துதல் அறிக்கையை நிறைவேற்றியதாகாது.

முடிவுரை

வயதுவந்தோர்க்கான ஊடகக் கல்விக்குப் பொது நூலகம் தகுந்த இடமே. அத்தகுதி அதன் கட்டடத்தாலோ கணினியாலோ அமைவதன்று. ஊரில் நிலைத்திருத்தலாலும், மாறுபட்ட குரல்களை ஒருங்கே வைத்திருத்தலாலும் அமைவது. சுவரில் ஒட்டும் எட்டுக் குறிப்புகளோ ஒரு நாள் முகாமோ அதற்கு ஈடாகா. அளக்கத்தக்கதை மட்டும் இலக்காகக் கொள்ளும் திட்டங்கள் இயக்கும் திறனைத் தந்து தேரும் திறனை விட்டுவிடுகின்றன.

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு காட்சியில் ஒலிக்கும் மொழி புரியாத இடத்தில், அதன் அடியில் எவரோ எழுதிய விளக்கமே அதன் பொருளாகிவிடுகிறது. 2023இன் பொய் இரு மொழிகளுக்கு இடைப்பட்ட வெளியில்தான் வளர்ந்தது. அவ்வெளியில் நின்று, இரு மொழியும் அறிந்து, இக்காட்சியில் பேசப்படுவது இது எனப் பெயர்த்துரைக்க வல்லவர் இத்துறைகளில் உள்ளனர். அவர்கள் அருகிலுள்ள நூலகத்தின் மாலைநேர வாசிப்பு வட்டத்தில் அமர்வார்களாயின், பெயர்ப்புப் பணி அச்சத்திற்கு எதிரான பணியுமாகும். தூணை மனிதனெனத் துணிந்து கல்லெடுப்பவர் கை ஒரு கணம் தயங்குமாயின், அத்தயக்கமே இக்கல்வியின் முதற்பயன்.